கடலோடிய முன்னோரும் திருமுழுக்கு ஏடுகளும்

சபைப் பதிவேடுகளைக் குறித்து வகுப்பில் பேசத் தொடங்கும்போதெல்லாம் மாணவர் முகங்களில் ஓர் அயர்வு படர்வதைக் காண்கிறேன். அகுஸ்தீனையும் லூத்தரையும் கற்க வந்தோருக்குத் திருமுழுக்கு ஏட்டில் கோடு கிழித்துப் பெயர் எழுதுவது குருத்துவத்தின் சில்லறை வேலையாகத் தோன்றுவது இயல்பே. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவன். அவ்வெண்ணத்திற்கு யான் கொடுத்த விலை யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன். முன்னதாக, இவ்வேடுகள் எங்ஙனம் தோன்றின, கடலோடிகளின் பெயரை அவை எவ்வாறு காத்தன, எவ்வாறு இழந்தன என்பதை ஆங்கில நாட்டிலிருந்து தொடங்கி நம் சிவகாசிச் சீமை வரையில் சற்றே தொடர்ந்து நோக்குவோம்.

எட்டாம் ஹென்றி அரசனின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல் 1538ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இங்கிலாந்திலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். வாரந்தோறும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் குருவானவர், ஆலயக் காவலர் ஒருவர் அருகிருக்க, அவ்வாரத்து விவாகங்களையும் திருமுழுக்குகளையும் அடக்கங்களையும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். புத்தகம் இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்கப்படவேண்டும். ஒரு திறவுகோல் குருவிடமும் மற்றது ஆலயக் காவலரிடமும் இருத்தல் வேண்டும். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். அத்தொகை ஆலயப் பழுதுபார்ப்புக்குச் செல்லும். மக்களோ இது புது வரிக்கு அடிகோலும் சூழ்ச்சி என்று அஞ்சினர். பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுவந்தால் தலைக்கு இவ்வளவு என்று அரசன் வாங்குவான் என்ற வதந்தி ஊர்தோறும் உலவிற்று. அரசாங்கம் பெயர் எழுதிக்கொள்ள வந்தால் ஏழை மக்கள் ஐயுறுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இயல்பன்று.

தொடக்ககால ஏடுகள் காகிதத்தில் எழுதப்பட்டமையால் விரைவில் சிதைந்தன. ஆகவே முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1598இல், அவற்றைத் தோல் ஏட்டில் படியெடுக்குமாறு பணிக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே படியெடுக்கவேண்டும், ஆயினும் குறைந்த அளவு அரசி பட்டமேறிய காலத்திலிருந்தேனும் எழுதவேண்டும் என்பது ஆணையின் வாசகம். குருமார் பலர் அந்த 'குறைந்த அளவு' என்னும் சலுகையையே பற்றிக்கொண்டனர். அதனால்தான் எத்தனையோ பங்குகளில் இன்றுள்ள ஏடு 1558ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் மறைந்தன. சுற்றறிக்கையில் தப்பிக்க வழி இருந்தால் குருமார் அதனைக் கண்டுபிடிப்பர் என்பதற்கு இது நல்ல சான்று. எனினும் அதே காலத்தில் மற்றொரு நல்ல ஏற்பாடும் வந்தது. ஆண்டுதோறும் ஏட்டின் ஒரு படியைப் பேராயருக்கு அனுப்பவேண்டும் என்பதே அது. ஆலயத்தில் உள்ள ஏட்டை எலி தின்றாலும் பேராயரின் படி பிழைத்திருக்கும். இவ்வொரு விதியே பிற்காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் வழிமுறையைக் காத்தது. வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த ஏடுகளில் உழவனைத் தேடுவது எளிது. அவன் திருமுழுக்குப் பெற்ற ஆலயத்திலேயே மணம்புரிந்து, அதன் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம்பண்ணப்படுவான். கடலோடியின் நிலை அவ்வாறன்று. அவன் ஒரு துறைமுகத்தில் பிறந்து, மற்றொன்றில் கப்பலேறி, மூன்றாவதில் மணம்புரிந்து, எங்கோ நடுக்கடலில் மரிப்பான். கடலில் அடக்கம்பண்ணப்பட்டவனுக்கு ஊர் ஆலயத்தின் அடக்க ஏட்டில் வரி கிடையாது. தகப்பன் பயணத்திலிருந்து திரும்பும்வரை திருமுழுக்கைத் தள்ளிவைத்து, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் திருமுழுக்குக் கொடுத்திருப்பதை ஏடுகளில் காணலாம். ஆகவே திருமுழுக்கின் நாளைப் பிறந்த நாளாகக் கொள்ளலாகாது என்பது ஆராய்வோன் கற்கவேண்டிய முதற் பாடம். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்த பின்னரே தகப்பனின் தொழிலைக் குறிப்பது எங்கும் வழக்கமாயிற்று. அதற்கு முன் ஒருவன் மாலுமியா தச்சனா என்பதை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அந்தந்தக் குருவின் மனநிலையைப் பொறுத்ததாகவே இருந்தது.

கேப்டன் ஜேம்ஸ் குக்கின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பசிபிக் பெருங்கடலின் படத்தை உலகுக்கு வரைந்து கொடுத்த அம்மாலுமி 1728 நவம்பர் 3ஆம் நாள் யார்க்ஷயரில் மார்ட்டன் என்னும் சிற்றூரில் திருமுழுக்குப் பெற்றார். ஏட்டில் அவர் தகப்பனின் தொழில் நாட்கூலி என்று உள்ளது. 1762 டிசம்பர் 21இல் பார்க்கிங் ஆலயத்தில் எலிசபெத்து பாட்ஸ் என்பவரை மணந்தார். திருமுழுக்கு உண்டு, விவாகம் உண்டு. 1779 பிப்ரவரியில் ஹவாய்த் தீவில் கொல்லப்பட்ட அவருக்கு இங்கிலாந்தின் எந்த ஆலயத்திலும் அடக்கப் பதிவு இல்லை. ஆறு பிள்ளைகளுள் மூவர் இளமையிலேயே மரித்தனர். நத்தானியேல் 1780இல் புயலில் கப்பலோடு மூழ்கினான். ஹியூ மாணவனாயிருக்கையில் 1793இல் நோயால் மாண்டான். மூத்தவன் ஜேம்ஸ் 1794இல் நீரில் மாண்டான். அவர்களுடைய தாய் கணவன் மறைந்த பின் 56 ஆண்டுகள் வாழ்ந்து 1835இல் மரித்தாள். குக்கின் நேர்வழியினர் என்று சொல்லிக்கொள்வோர் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நலம், அவ்வழி அற்றுப்போயிற்று.

இலண்டன் நகரின் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் ஸ்டெப்னி என்றொரு பங்கு உண்டு. வாப்பிங், லைம்ஹவுஸ், பாப்லர் முதலிய கப்பற்றுறைகள் யாவும் ஒரு காலத்தில் அதனுள் அடங்கியிருந்தன. கடலில் பிறக்கும் ஆங்கிலக் குழந்தை எதுவாயினும் அது ஸ்டெப்னிப் பங்கைச் சேர்ந்தது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. சட்டத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆயினும் நிலத்தில் இடமில்லாத குழந்தைக்கும் ஓர் ஆலயத்தின் ஏட்டில் இடம் இருந்தே தீரவேண்டும் என்று கரடுமுரடான அம்மாந்தர் எண்ணினார்களே, அதனைத் திருச்சபையியல் கற்போர் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

இனி நம் நாட்டவருக்கு வருவோம். இலண்டனில் செயின்ட் டியோனிஸ் பேக்சர்ச் என்னும் ஆலயத்தில் 1616 டிசம்பர் 22ஆம் நாள் கீழ்த்திசை நாட்டு இளைஞன் ஒருவன் பேதுரு என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்குருவாகிய பாட்ரிக் கோப்லண்ட் அவனை 1614இல் இந்தியாவிலிருந்து அழைத்துச்சென்றவர். வங்கக் கடற்கரையைச் சேர்ந்த அவன் மசூலிப்பட்டினத்தில் கோப்லண்டிடம் ஒப்படைக்கப்பட்டான். கப்பலிலேயே அவனுக்கு ஆங்கிலமும் இலத்தீனும் கற்பித்தார் அவர். கேன்டர்பரிப் பேராயரின் இசைவோடு, கம்பெனிப் பெருமக்கள் கூடியிருக்க நடைபெற்ற அச்சடங்கில், 'போப்' என்னும் குடும்பப் பெயரை அரசன் முதலாம் ஜேம்ஸே தெரிந்தெடுத்தான் என்பர். போப்பாண்டவரின் பட்டத்தை ஓர் இந்தியச் சிறுவனுக்குப் பெயராகச் சூட்டிய அரசனின் நகைச்சுவை அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, அவன் வாழ்நாள் முழுவதும் அப்பெயரைச் சுமந்தான். அடுத்த ஆண்டே கோப்லண்டுடன் மீண்டும் கீழ்த்திசைக்குக் கப்பலேறினான். அவன் இலத்தீனில் எழுதிய கடிதங்கள் சில 1622இல் கோப்லண்டின் அருளுரையோடு அச்சேறின. சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்த இந்தியருள் நாம் அறிய முதலாமவன் அவன். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்ததற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முந்தியவன். ஆனால் தாய் அவனுக்கு இட்ட பெயர் என்ன? அவன் எந்த ஊரான்? எந்த மொழி பேசினான்? ஏடு எழுதியவருக்கு அவை வேண்டப்படவில்லை. புதிய பெயர் எழுதப்பட்ட அதே வரியில் பழைய பெயர் அழிந்துபோயிற்று.

அச்சடங்கு நடந்து மூன்று திங்களுக்குள் தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள கிரேவ்செண்டு ஆலயத்தில் மற்றொரு பதிவு எழுதப்பட்டது. அமெரிக்க இந்தியத் தலைவனின் மகள் போகஹோன்டாஸ், திருமுழுக்கில் ரெபெக்காள் எனப் பெயர்பெற்றவள், வர்ஜீனியாவுக்குத் திரும்பும் வழியில் நோயுற்று அங்கே மாண்டாள். அடக்க ஏட்டில் அவள் கணவன் பெயர் தாமஸ் ராத் என்று உள்ளது. உண்மையில் அவன் ஜான் ரால்ஃப். ஆண்டு 1616, மார்ச்சு 21 என்று எழுதப்பட்டுள்ளது. இது பிழையன்று, 1752க்கு முன் ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச்சு 25இல் பிறந்தமையால் நாம் அதனை 1617 என்று படிக்கவேண்டும். ஒரே பதிவில் ஒரு பிழையும், பிழைபோல் தோன்றும் ஒரு மெய்யும் உள்ளன. இரண்டையும் வேறு பிரித்தறியாதவன் இவ்வேடுகளைத் தொடலாகாது என்பேன்.

இவ்விரு ஏடுகளைப்பற்றி மேலும் ஒன்று. செயின்ட் டியோனிஸ் ஆலயம் 1666இல் இலண்டன் பெருந்தீயில் எரிந்தது. மீண்டும் கட்டப்பட்ட ஆலயமும் 1878இல் இடிக்கப்பட்டுவிட்டது. கிரேவ்செண்டு ஆலயம் 1727இல் தீக்கிரையாயிற்று. போகஹோன்டாஸின் கல்லறை எவ்விடம் என்று இன்று எவரும் சுட்டமுடியாது. ஆனால் இரண்டு ஆலயங்களின் ஏடுகளும் தப்பின. யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கவேண்டும்.

பேதுருவுக்குப் பின் வந்த இந்தியக் கடலோடிகளை ஆங்கிலேயர் 'லஸ்கர்' என்றனர். படையைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. நம் பொதுப்பணித் துறையில் கால்வாய் மடையைத் திறந்து மூடும் ஊழியரை இன்றும் லஸ்கர் என்கிறோம். நடுக்கடலில் பாய்மரம் ஏறியவனின் பெயர் நம் கண்மாய்க் கரைக்கு வந்து சேர்ந்தது வியப்பே. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான லஸ்கர்கள் இலண்டன் துறைகளில் இறங்கினர். திரும்பும் கப்பல் கிடைக்காமல் குளிரிலும் பசியிலும் மடிந்தோர் பலர். 1857இல் லைம்ஹவுஸில் இவர்களுக்கென ஒரு விடுதி திறக்கப்படும்வரை தெருவே அவர்களுக்கு வீடு. துறைமுகப் பங்குகளின் ஏடுகளில் இவர்கள் 'கிழக்கிந்தியன்' என்றோ 'கறுப்பு மனிதன்' என்றோ தென்படுவர். திருமுழுக்குப் பெற்றவனுக்கு ஜான், தாமஸ் என்று ஒரு பெயர். குடும்பப் பெயராகக் கப்பல் தலைவனுடையதோ எசமானனுடையதோ. அவனுக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குள் ஆங்கிலேயராகவே கலந்தனர். இன்று தம் முன்னோரைத் தேடும் ஆங்கிலக் குடும்பம் ஒன்று அந்த ஜானில் வந்து முட்டி நிற்குமாயின் அதற்கு அப்பால் வழியில்லை. காரணம் கடல் அன்று. ஏடு எழுதிய குருவின் பேனா.

ஆங்கிலப் பங்கு ஏட்டின் மரபு நம் கரைக்கும் கப்பலேறி வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரு வாரத்திற்குள், நவம்பர் 4ஆம் நாள், கம்பெனி ஊழியராகிய எலிஹு யேல் அங்கே மணம்புரிந்தார். அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. 1753இல் இராபர்ட் கிளைவும் அவ்வாலயத்திலேயே மணம்புரிந்தார். இவை யாவரும் அறிந்தவை. யான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பது வேறொரு பதிவை. 1689 ஆகஸ்டு 19ஆம் நாள், கல்கத்தா நகருக்கு அடிகோலிய ஜாப் சார்னக்கின் புதல்வியர் மூவர், மரியாள், எலிசபெத்து, காத்தரீன் என்போர், அங்கே திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுடைய தாய் இந்தியப் பெண். அவளைச் சார்னக் உடன்கட்டைத் தீயிலிருந்து மீட்டார் என்ற கதை நெடுங்காலமாக வழங்குகிறது. கதை இருக்கிறது, பெயர் இல்லை. தகப்பன் பெயர் எழுதிய பேனா தாயின் பெயருக்கு நிற்கவில்லை.

சென்னை மாகாணத்தின் திருமுழுக்கு, விவாக, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 தொடங்கி இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் பற்றியவை அவை. ஆகவே கப்பலில் வந்து நம் கரையில் மாண்ட ஓர் ஆங்கில மாலுமியின் பெயரை அவன் வழியினர் இலண்டனிலிருந்தே கண்டுபிடிக்க இயலும். அவனோடு ஒரே தோணியில் சுமை இறக்கிய தமிழனின் பெயரோ ஊர்ச் சபையின் ஏட்டில் மட்டுமே உண்டு. அந்த ஒரே ஏடு போய்விட்டால் அவனும் போய்விடுகிறான்.

திருநெல்வேலிச் சீமையில் நாம் போற்றும் ஏடு 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியல். நாற்பதே பெயர்கள். முதலாவது 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தாளின் பெயர். மராத்தியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவள் என்பதனால் முதலில் திருமுழுக்கு மறுக்கப்பட்டவள். அவளுக்குக் கீழே பல சாதியினரும் வரிசையாக உள்ளனர். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் அந்த நாற்பது பேரிலிருந்தே தொடங்குகின்றனர். அன்று ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி அப்பட்டியலை எழுதாதிருந்தால், இன்று நமக்கு எஞ்சுவது மரபுவழிச் செய்தி மட்டுமே.

நம் வறண்ட பூமிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று விருதுநகர்ப் பக்கத்து வாசகர் கேட்கலாம். சிவகாசியில் 1858 அக்டோபர் 22ஆம் நாள் உயிர்நீத்த ரேக்லண்ட் ஐயரே கடற்றுறையின் பிள்ளை. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து, பெற்றோரை இழந்து, லிவர்ப்பூல் துறைமுகத்தில் வணிகரான மாமனின் ஆதரவில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர், 1854 முதல் ஃபென், மெடோஸ் என்னும் தோழரோடு கூடாரம் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலியின் கரிசல் ஊர்களைச் சுற்றிவந்தார். சாட்சியாபுரம் என்னும் பெயர் அப்பணியின் விளைவாக நம் பகுதியில் நிலைத்தது. மறுபுறம், நம் மக்களும் கடலுக்குச் சென்றனர். விருதுபட்டியிலும் சாத்தூரிலும் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளிலும், 1870களின் நடுவில் இருப்புப் பாதை வந்தபின் இரயிலிலும், தூத்துக்குடிக்குச் சென்றது. பருத்தியோடு சென்றவர்களில் சிலர் திரும்பவில்லை. 1876-78 பஞ்சம் அவ்வழியை அகலமாக்கிற்று. கொழும்புக்குக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏறியவர் பல்லாயிரவர். அவர்களுக்கென்றே 1854இல் இலங்கையில் தோட்டத் தமிழருக்கான ஊழியம் தொடங்கிற்று. அங்கு உபதேசியார்களாகச் சென்றோர் திருநெல்வேலியினர். ஆகவே நம் ஊரில் தொடங்கிய ஒரு வாழ்க்கையின் திருமுழுக்குப் பதிவு இங்கும், விவாகமும் அடக்கமும் மலையகத்து ஆலயம் ஒன்றிலும் இருக்கக்கூடும். ஸ்டெப்னி மாலுமியின் கதையேதான்.

ஆங்கிலத் துறைமுகங்களின் அடக்க ஏடுகளில் 'நீரில் மூழ்கி' என்ற குறிப்பு அடிக்கடி வருவதைப்போல நம் பக்கத்து ஏடுகளில் 'வெடி விபத்து' என்பது வருகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் ஒரே நாளில் மாண்டனர். பட்டாசு ஆலையில் இறந்தோருள் வெளியூர்க் கூலியாட்கள், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதோர் எத்தனைபேர் என்ற கேள்வி ஒவ்வொரு விபத்திலும் எழுகிறது. சடலத்தை அடையாளம் காண முடியாத வீட்டில் நின்றவன் எவனும் அடக்க ஏட்டை வெற்று எழுத்து வேலை என்று கூறமாட்டான். தகப்பன் பெயர், ஊர், வயது, வேலை, இறந்த விதம் என்று நிறுத்தி நிதானமாக எழுதுவதும் அன்றைய ஆராதனையின் பகுதியே.

இனி, யான் முன்னர்க் கூறுவதாகச் சொன்ன செய்தி.

குருப்பட்டம் பெற்று யான் முதலாவது சென்ற சேகரம் சாத்தூர் வட்டத்தில் ஒரு சிற்றூர். கிறிஸ்துமசுக்கு முன் ஆலயத்துக்கு வெள்ளையடிக்கும்போது உடைமாற்றும் அறையின் அலமாரியில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. கறையான் ஏறிய பழைய ஏடுகள். சில தாள்கள் கட்டியாக ஒட்டியிருந்தன. சிலவற்றில் எழுத்து தெளிவாகவே இருந்தது. மேலே இருந்ததைத் திறந்து, 1880ஆம் ஆண்டை ஒட்டிய திருமுழுக்குப் பதிவுகள் என்று பார்த்தேன். பார்த்தும், கறையான் புதிய அலமாரிக்கும் பரவும் என்று கோவில் குட்டியார் சொன்னபோது, "எரித்துவிடுங்கள்" என்றேன். ஆலயத்தின் பின்புறம், வேலிகாத்தான் செடிகளுக்கு அருகில் எரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தீர்க்கதரிசன நூல்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், யான் கற்பிக்கும் பணிக்கு வந்துவிட்ட காலத்தில், கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் தேடிக்கொண்டு வந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் அவர் தகப்பனுக்கு மலையகத்தில் கொடுக்கப்பட்ட திருமுழுக்குச் சான்றிதழ். அதில் பாட்டனாரின் பெயரும், சொந்த ஊராக யான் முதலில் பணியாற்றிய அந்தச் சிற்றூரின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. பாட்டனாரைக் குடும்பத்தில் 'கப்பல் தாத்தா' என்பார்களாம். பருத்தி வண்டியோடு தூத்துக்குடிக்குப் போய், தோணியில் வேலைக்கு அமர்ந்து, கொழும்புக்கும் தூத்துக்குடிக்குமாகச் சில ஆண்டுகள் ஓடி, பின்னர்த் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்.

"ஐயா, அங்க நாங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க. தாத்தா பேரு இந்த ஊருக் கோயில் புத்தகத்துல இருக்குன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லுவாரு. ஒரு தடவை கண்ணால பாத்தாப் போதும்," என்றார்.

நிலமோ சொத்தோ அவர் கேட்கவில்லை. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் சிலர் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமற்போனதனால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள் என்று வாசிக்கிறோம். அப்பகுதியை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அட்டவணையை எரித்தவன் எவன் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. இலண்டனில் ஆலயங்கள் எரிந்தன, ஏடுகள் தப்பின. எங்கள் ஊரில் ஆலயம் வெள்ளையடித்து நின்றது, ஏட்டை எரித்தவன் யான். அதனை அவரிடம் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "கறையான் தின்னதுதானே ஐயா," என்றார். எனக்கு அது ஆறுதலாயிருக்கவில்லை.

இங்கேதான் பேராயருக்கு அனுப்பும் படியின் அருமை விளங்குகிறது. திருமுழுக்குக்கு நம் சபைகளில் அத்தகைய இரண்டாம் படி வழக்கத்தில் இல்லை. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி விவாகப் பதிவின் படி அரசுப் பதிவாளருக்குச் செல்லவேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை படியெடுத்து அனுப்பும் அவ்வேலையை நாம் எவ்வளவு முணுமுணுப்போடு செய்கிறோம் என்பதை உடன் ஊழியர் அறிவர். அச்சட்டத்தின் படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகிய யாவும் உண்டு. ஆகவே ஒருவனுடைய திருமுழுக்குப் பதிவு அழிந்தாலும், அவன் உடன்பிறந்தோரின் விவாகத்தைப் பிடித்துக்கொண்டு அவனிடம் வரலாம். ஆங்கில ஆராய்ச்சியாளர் கடலோடிகளைத் தேடும்போது கையாளும் வழியும் இதுவே. கடலுக்குப் போனவனைத் தேடாதே, கரையில் நின்ற சகோதரியைத் தேடு என்பார்கள். பெண்கள் பெரும்பாலும் மணமகன் ஊரிலோ தம் ஊரிலோ ஓலை வாசிக்கப்பட்டு, ஒரே ஏட்டில் நிலைத்திருப்பர்.

கப்பல் தாத்தாவுக்கு ஒரு தமக்கை இருந்ததாகவும், அவள் பக்கத்துச் சேகரத்து ஊரொன்றுக்கு வாழ்க்கைப்பட்டதாகவும் பெரியவர் கேள்விப்பட்டிருந்தார். பெயர் தெரியாது. அச்சேகரத்துக் குருவானவர் என் பழைய மாணவர். இரண்டு சனிக்கிழமைகள் எங்களுக்கு அலமாரியைத் திறந்துவிட்டு, தாமும் கூட அமர்ந்து பக்கம் புரட்டினார். 1890களின் விவாக ஏடு. எழுதியவர் அழகான கையெழுத்துக்காரர். ஆனால் ஒரே ஊரின் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தார். இரண்டாவது சனிக்கிழமை மாலை ஒரு பதிவு அகப்பட்டது. மணமகள் அந்தச் சிற்றூரினள், வயது பதினெட்டு, தகப்பன் பெயர், பெரியவர் தம் பூட்டனார் என்று சொல்லிவந்த பெயர். மணமகள் கையொப்பத்துக்குப் பதில் ஒரு கீறல் இட்டிருந்தாள். சாட்சிகள் இருவர். முதலாமவர் உபதேசியார். இரண்டாமவர், எழுதிப் பழகாத கை, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, ஒரு பெயரை எழுதியிருந்தார். அது கப்பல் தாத்தாவின் பெயர்.

அப்பெயர் நம் பகுதியில் அரிதானதன்று. அச்சிற்றூரில் அதே பெயருடையோர் இருவர் இருந்திருக்கலாம். தகப்பன் பெயரும் அவ்வாறே ஒத்துவரக்கூடும். திருமுழுக்கு ஏடு இருந்திருந்தால் வயதை வைத்து முடிவுகட்டியிருக்கலாம். இப்பொழுது இவர்தாம் என்று என்னால் எழுதித்தர இயலாது என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். தொடலாமா என்று கேட்டார். என் மாணவர் ஏட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவ்வெழுத்துகளின்மேல் படாமல் அடியில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பிறகு, கோத்தகிரிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.